சுப்பனுக்குக் கிடைக்காத ஊசி

எண்பத்தாறாம் ஆண்டு மழைக்காலத்தில் ஒரு காலை, தேயிலை ஆலைக்குள் கொழுந்துக் கூடையை இறக்கிய சுப்பன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டான். சட்டை வேர்வையில் நனைந்தது. தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரெசர் பார்த்த மாத்திரத்தில், "இது வாய்வு இல்ல, ஹார்ட். இப்பவே கீழ ஈப்போ பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போவணும்" என்றார்.

சுப்பனின் மனைவி செல்லம்மா தோட்டத்துத் துரையின் பங்களாவுக்கு ஓடினாள். வெள்ளைக்காரர்கள் போன பிறகு வந்த தமிழ்த் துரை அவர். வாசலில் நின்றபடியே, "வண்டி கெஸ்ட்டுங்களுக்கு வேணும். மேல கம்போங் ராஜா ஊருலேருந்து காய்கறி லோரி வரும்லா, அதுல ஏத்திவிடு" என்றார்.

லோரி சாயங்காலம்தான் வந்தது. முட்டைக்கோசு மூட்டைகளின் மேல் படுத்து, வளைவுக்கு வளைவு முனகிக்கொண்டே சுப்பன் மலையிறங்கினான்.

"ரத்தக்கட்டியக் கரைக்கிற ஊசி இப்ப வந்திருக்கு. ஆனா வலி வந்த கொஞ்ச நேரத்துக்குள்ள போட்டாத்தான் பலன்" என்றார் ஈப்போ டாக்டர். "இதயத்துல ஒரு பக்கம் செத்துப்போச்சும்மா."

"செத்த எடத்துலயே ஊசி போட்டு, சதைய வளர வைக்க முடியாதுங்களா?" என்றாள் செல்லம்மா.

டாக்டர் சிரிக்கவில்லை. "அப்படி ஒரு மருந்து இன்னும் வரல."

திரும்பி வந்தவனால் கூடை தூக்க முடியவில்லை. பங்களாத் தோட்டத்தில் பூச்செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றச் சொன்னார்கள். கால் வீங்கியது. வேலையாட்களின் வீடுகள் இருந்த லயத்து மேட்டை ஏறுவதற்குள் மூச்சு முட்டியது.

மறு வருஷம் துரைக்கே நெஞ்சு வலித்தது. பசியாறிய தட்டை எடுப்பதற்குள் வண்டி கிளம்பிவிட்டது. நல்லபடியாகத் திரும்பியவர் ஒருநாள் பூச்செடிப் பக்கம் வந்தார்.

"சுப்பா, என்னா ஊசி தெரியுமா! கட்டி அப்படியே கரைஞ்சிருச்சு. நீயும் நேரத்தோட போயிருக்கலாம்லா."

"போகத்தான் பார்த்தோம், தொரை. நீங்க வண்டி குடுக்கல."

"நானா? எப்போ?"

அவர் நடிக்கவில்லை. உண்மையிலேயே மறந்திருந்தார். அதுதான் சுப்பனைக் குத்தியது. தூங்காமல் கிடந்து அவன் வசவெல்லாம் சேர்த்து வைத்திருந்தான். ஞாபகமே இல்லாத ஆளை என்னவென்று திட்டுவது?

அடுத்த மாதம் பூச்செடிகளுக்கு வேறு ஆள் வந்தான். வேலைக்குப் போகாதவனுக்கு லயத்தில் வீடு இல்லை. பக்கத்து ஊரான ரிங்லெட்டில் ஒரு பலகை வீட்டுக்குப் போனார்கள். தீபாவளிக்கு முன்பே, உட்கார்ந்த வாக்கில் சுப்பன் போய்விட்டான்.

"மாரடைப்புதானே?" என்று துக்கத்துக்கு வந்தவர்கள் கேட்டார்கள்.

"அது போன வருசம் லோரிக்குக் காத்திருந்தப்பவே முடிஞ்சுபோச்சு" என்றாள் செல்லம்மா.