மேல் விளக்கில் சிவப்பு

காட்பாடியிலிருந்து விழுப்புரம் போகும் மீட்டர் கேஜ் பாதையை அகலப் பாதையாக்கப் பெயர்த்துப் போட்டிருந்த காலத்தில், அதே பாதையில் நாங்கள் ஐந்து பேர் ஞாயிற்றுக்கிழமைதோறும் ரயில் ஓட்டினோம். கணினியில்தான். நான் ஆரணியில், ஒருவர் மதுரையில், ஒருவர் சிங்கப்பூரில். மீதி இரண்டு பேரும் ஆரணிக்காரர்களே. மின்வெட்டு இல்லாத நேரம் பார்த்து மதியம் இரண்டு மணிக்கு எல்லோரும் ஹெட்போன் மாட்டிக்கொண்டு உட்காருவோம். ஒருவர் கன்ட்ரோலர். சிக்னல் போடுவதும் பாதை மாற்றிவிடுவதும் அவர் கையில். மற்ற நால்வரும் ஆளுக்கொரு வண்டி ஓட்டுவோம். ஒருவர் தப்பு செய்தால் எல்லோருடைய வண்டியும் நிற்கும்.

பட்டுப் புடவைக்குக் கணினியில் டிசைன் போட்டுக் கொடுப்பது என் தொழில். கடையில் நல்ல கணினியும் பிராட்பேண்டும் இருந்ததால் அந்தப் பாதையை விளையாட்டுக்குள் கட்டியவனும் நான்தான். ஸ்டேஷன், பாலம், மலை, புளிய மரம் எல்லாம் ஒவ்வொன்றாக வைத்தேன். அதில் எனக்கு உதவியவரைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன்.

அவர் ஊரில் ஒரு பெரிய பட்டு வியாபாரியிடம் நூல் அறையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சாயம் போட்டு வரும் நூலை எடுத்து வைத்து, நெசவாளர்களுக்குப் பாவும் ஊடையும் பிரித்துக் கொடுக்கும் வேலை. நாற்பது வயது இருக்கும். நான் அவரை அண்ணன் என்பேன். ரயில் என்றால் அவருக்கு உயிர். நான் கட்டிய பாதையை முதல் தடவை ஓட்டிப் பார்த்துவிட்டு, "போளூர் தாண்டி வளைவு இப்படி இல்ல தம்பி" என்றார். மறு வாரம் சைக்கிளில் போய், தண்டவாளம் எடுத்த மேட்டின்மேல் நடந்தே ஒவ்வொரு மைல்கல்லையும் மேடு பள்ளத்தையும் நோட்டில் குறித்துக்கொண்டு வந்தார். நாலு ஞாயிறு அப்படி அலைந்தார். அந்த நோட்டை வைத்துத்தான் பாதை முழுவதையும் திருத்தினேன். எங்கள் ஐவரில் அவர் மட்டும்தான் விளையாட்டை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதவர். லெவல் கிராசிங் வந்தால் ஹாரன் அடிக்க வேண்டும், வேகப் பலகையை மீறக் கூடாது என்று எல்லாவற்றுக்கும் விதி வைத்திருந்தார். நாங்களும் சிரித்துக்கொண்டே அவர் சொல்படி நடந்தோம்.

ஆனால் அவர் வண்டி மட்டும் எப்போதும் தாமதம். நாங்கள் ஒரு கிலோமீட்டர் தூரத்திலேயே பச்சையைப் பார்த்துவிட்டு விரட்டுவோம். அவர் ஒவ்வொரு சிக்னலுக்கும் வேகத்தைக் குறைத்துக்கொண்டு ஊர்ந்து வருவார். பின்னால் வருகிற மதுரைக்காரர் கத்துவார். ஒரு நாள் அண்ணன் என் கடைக்கு வந்திருந்தபோது கேட்டேன்.

"இன்னாண்ணே, பச்சை போட்டும் இப்படி ஊர்ந்துகினு வர்றீங்க?"

கடையில் வேறு யாரும் இல்லை. இருந்தும் கதவுப் பக்கம் பார்த்துவிட்டுத்தான் பேசினார்.

"எனக்குச் சிவப்பும் பச்சையும் ஒண்ணாத்தான் தெரியும் தம்பி. மேல் விளக்கு எரிஞ்சா பச்சை, கீழ் விளக்கு எரிஞ்சா சிவப்புன்னு வச்சிகினு ஓட்டறேன். கிட்ட வந்தாத்தான் மேலயா கீழயான்னு தெரியுது."

வயசுப் பையனாக இருந்தபோது ரயில்வே எழுத்துத் தேர்வில் பாஸ் செய்திருந்தார். எஞ்சின் டிரைவருக்கு உதவியாளர் வேலை. மருத்துவச் சோதனையில் வண்ணப் புள்ளிகளுக்கு நடுவே இருக்கும் எண்ணைப் படிக்கச் சொன்னார்கள். அவருக்கு எண்ணே தெரியவில்லை. ஊரில் வந்து, சிபாரிசு இல்லாததால் வேலை போய்விட்டது என்று சொல்லிவிட்டார். அதையேதான் இருபது வருடமாக எல்லோரும் நம்பினார்கள்.

"அப்போ நூல் ரூம்?" என்றேன்.

"சாயக்காரர் சீட்டுல நம்பர் இருக்கும். அத பாத்துத்தான் அடுக்குவேன், அத பாத்துத்தான் எடுப்பேன். பன்னெண்டு வருஷத்துல ஒரு கட்டு மாறினதில்ல. என் வீட்டுக்காரிக்குத் தெரியும். இப்ப உனக்குத் தெரியும். யார்கிட்டயும் சொல்லிடாத."

சொல்ல மாட்டேன் என்றேன். அப்போது நிஜமாகவே அப்படித்தான் நினைத்தேன்.

இரண்டு மாதம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை பேச்சு மும்முரத்தில் நான் களம்பூரில் சிவப்பைத் தாண்டிவிட்டேன். எதிரே வந்த சிங்கப்பூர்க்காரரின் வண்டியில் போய் மோதினேன். எல்லோர் காதிலும் கேட்க அண்ணன் சொன்னார்:

"தம்பி, ஒரு மாசம் நீ வண்டி ஓட்ட வேணாம். கன்ட்ரோலரா உக்காந்து மத்தவங்க எப்படி ஓட்டறாங்கன்னு பாரு."

"லைசென்ஸ் கேன்சல்!" என்று ஒருவன் கெக்கலித்தான். அவன்தான் எங்கள் ஐந்தாவது ஆள், அண்ணன் வேலை பார்த்த வியாபாரியின் மகன். மற்றவர்களும் சிரித்தார்கள். நான் கட்டிய பாதையில் எனக்கே தடை. சிவப்பே தெரியாத ஆள் சிவப்பைத் தாண்டினாய் என்று என்னைத் தண்டிக்கிறார். அந்த வாரம் முழுக்க வேலை ஓடவில்லை. கணினியில் மயிலுக்கு வண்ணம் நிரப்பும்போதுகூட அந்தச் சிரிப்புத்தான் கேட்டது.

வெள்ளிக்கிழமை போளூர் ஸ்டேஷன் சிக்னலின் படத்தை மட்டும் திறந்து நிறத்தை மாற்றினேன். சிவப்பை மேலே வைத்தேன், பச்சையைக் கீழே. பத்து நிமிட வேலை. எல்லோரிடமும் ஒரே கோப்பு இருந்தால்தான் சேர்ந்து ஓட்ட முடியும் என்பதால், சின்னத் திருத்தம் என்று சொல்லி ஐவருக்கும் அனுப்பினேன். பிறகு அண்ணனைத் தவிர்த்து மற்ற மூவரிடமும் விஷயத்தைச் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

"எங்க நூல் ரூம்ல இருக்கறவருக்கா? கலர் தெரியாதா?" என்றான் வியாபாரி மகன்.

அப்போதாவது நிறுத்தியிருக்கலாம். அவன் வீட்டில்தான் அவருடைய பிழைப்பு என்பது எனக்குத் தெரியாததல்ல. "ஆமா, நீயே பாரேன்" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை போளூர் ஸ்டேஷனில் மதுரைக்காரரின் சரக்கு வண்டியை மெயின் லைனிலேயே நிறுத்திவைத்தேன். அண்ணன் பாசஞ்சர் வண்டியை ஓட்டிக்கொண்டு வந்தார். வழக்கம்போல் வேகத்தைக் குறைத்து சிக்னலை நெருங்கினார். மேல் விளக்கு எரிந்தது. "பச்சை, மெயின் லைன்" என்று வாய்விட்டுச் சொன்னார். அப்படிச் சொல்ல வேண்டும் என்பதும் அவர் வைத்த விதிதான். பிறகு வேகத்தைக் கூட்டினார். வண்டி ஸ்டேஷனுக்குள் பாய்ந்து சரக்கு வண்டியின் முதுகில் ஏறியது. பெட்டிகள் ஒன்றின்மேல் ஒன்றாகச் சரிந்தன.

நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். எல்லோரையும்விட நான்தான் அதிகம் சிரித்தேன்.

"பச்சைதானே தம்பி இருந்துது?" என்றார் அண்ணன், ஒன்றும் புரியாமல்.

"மேல எரிஞ்சது என்ன கலருண்ணே?" என்று மதுரைக்காரர் கேட்டார்.

வியாபாரி மகன் நாலு வண்ணக் கட்டங்களை அரட்டைப் பெட்டியில் போட்டான். "அண்ணே, இதுல அரக்கு எது? சொல்லுங்க பாக்கலாம்."

"போதும், விடுங்கப்பா" என்று சிங்கப்பூர்க்காரர் சொல்லிவிட்டு வெளியேறிவிட்டார். அதுவரை சிரித்தவர்தான் அவரும்.

அண்ணன் வெகுநேரம் யோசித்தார். கண்ணைத் திரைக்கு அருகே கொண்டுபோய்ப் பார்க்கிறார் என்று எனக்குத் தோன்றியது. "மூணாவது" என்றார். மூன்றாவது பச்சை. மறுபடி சிரிப்பு.

"தம்பி, நீ சொல்லிட்டியா?" என்றார். பெயர் சொல்லாவிட்டாலும் என்னைத்தான் கேட்கிறார் என்று எல்லோருக்கும் தெரிந்தது.

"சும்மா விளையாட்டுக்குத்தாண்ணே" என்றேன்.

அவர் இணைப்பைத் துண்டித்தார். அதன்பிறகு வரவேயில்லை.

செவ்வாய்க்கிழமை டிசைன் காட்டுவதற்காக அந்த வியாபாரியின் வீட்டுக்குப் போனேன். கூடத்தில் நூல் வாங்க வந்த நெசவாளர்கள் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் பாய் விரித்து, சீட்டு பிய்த்த நூல் கட்டுகளை வரிசையாகப் போட்டிருந்தார்கள். அண்ணன் பாயின் ஓரத்தில் நின்றுகொண்டிருந்தார்.

"அரக்கை எடுயா" என்றார் வியாபாரி.

அண்ணன் குனியவில்லை. "தெரியலைங்க" என்றார்.

"பன்னெண்டு வருஷமா என்னை ஏமாத்திகினு இருந்தியா?"

"ஒரு நாளாவது கலர் மாறிச்சா, சொல்லுங்க."

"மாறல. வெளிய தெரிஞ்சா எவன்யா என்கிட்ட புடவை எடுப்பான்? கண்ணு தெரியாதவன வச்சி நூல் குடுக்கறான்னு சிரிக்க மாட்டான்?" சொல்லிக்கொண்டே வியாபாரி என் பக்கம் திரும்பினார். "நீதானே இவனுக்குச் சினேகிதன்? உனக்கு முன்னாடியே தெரியுமா?"

தெரியும், இவர் தப்பு செய்யாத ஆள், ஒரு கட்டுகூட மாற்றிக் கொடுத்ததில்லை என்று நான் சொல்லியிருக்கலாம். அந்த வீட்டு டிசைன்கள்தான் என் கடைக்குப் பாதி வேலை.

"எனக்கு இன்னாங்க தெரியும்" என்றேன்.

அண்ணன் என்னைப் பார்க்கக்கூட இல்லை. இடுப்பிலிருந்த சாவியை எடுத்துப் பாயில் வைத்துவிட்டு வெளியே போனார். வாசலில் செருப்பைத் தேடும்போது நெசவாளர்களில் ஒருவர் குரல் கொடுத்தார், "அண்ணே, பாத்து, செருப்பு கலர் மாறிடப் போவுது." கூடம் முழுக்கச் சிரித்தது. அந்தப் பேச்சு அவரை விடவில்லை. டீக்கடையில், பஸ் ஸ்டாண்டில், கண்டவர்களெல்லாம் சட்டையைத் தொட்டுக் காட்டி இது இன்னா கலரு என்றார்கள். ஆறு மாதத்துக்குள் குடும்பத்தோடு கலசப்பாக்கத்துக்குப் போய்விட்டார். அங்கே மனைவியின் அண்ணன் வைத்திருந்த நெல் மண்டியில் மூட்டை நிறுத்துப் போடும் வேலை.

அத்தோடு முடியவில்லை. மதுரைக்காரர் அன்றைய விபத்தைப் பதிவு செய்து இணையத்தில் ஏற்றியிருந்தார். "பச்சை, மெயின் லைன்" என்று அண்ணன் சொல்வதும், மோதலும், எங்கள் சிரிப்பும், நாலு கட்டமும் எல்லாம் அதில் இருந்தன. யார் யாரோ பார்த்துவிட்டுச் சிரித்து எழுதினார்கள். எடுத்துவிடச் சொல்லி இரண்டு தடவை எழுதினேன். "செம ஹிட்டுங்க இது, எதுக்கு எடுக்கணும்?" என்று பதில் வந்தது. மூன்றாவது தடவை நான் கேட்கவில்லை.

இரண்டு வருடம் கழித்து, போளூர் பஸ் ஸ்டாண்டில் அண்ணனைப் பார்த்தேன். பஸ்ஸுக்காகப் பையோடு நின்றிருந்தார். தலை நரைத்திருந்தது. போய்ப் பேசினேன். நான் பண்ணியது பெரிய தப்பு, மன்னிச்சிடுங்கண்ணே என்றேன். தூக்கம் வராமல் எத்தனையோ நாள் யோசித்ததையும் சொன்னேன். முழுவதையும் கேட்டார்.

"என் பொண்ணு பிளஸ் டூ படிக்குது" என்றார். "கூடப் படிக்கிற பசங்க செல்லுல அந்த வீடியோவ காட்டியிருக்காங்க. வூட்டுக்கு வந்து என்கிட்ட கேட்டுது, அதுல எல்லாரையும்விட சத்தமா சிரிக்கறது யாருப்பான்னு."

"இன்னா சொன்னீங்கண்ணே?"

"உன் பேரச் சொன்னேன். ஊரு, கடை எல்லாம் சொன்னேன். தெரிஞ்சி வச்சிக்கட்டும்."

கலசப்பாக்கம் பஸ் வந்தது. ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தார். பஸ் கிளம்பும்வரை நான் கீழேயே நின்றேன். அவர் எதிர்ப்பக்கக் கடைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.