கிராபிக்ஸ் கார்டு கேட்டவள்

இணையத்தில் உள்ள ஒரு மெய்நிகர் உலகத்தில் பல வருடங்களாக வீடுகள் கட்டி வருகிறேன். பழைய லேப்டாப்பில் அந்த உலகம் திக்கித் திணறியதால், புது லேப்டாப் வாங்க ஜார்ஜ்டவுனில் ஒரு கடைக்குப் போனேன். கார் ஓட்டி வந்த என் தம்பியும் கூடவே நின்றான். அவனுக்கு வாட்ஸ்அப்பைத் தாண்டி எதுவும் தெரியாது.

"இதுல தனி கிராபிக்ஸ் கார்டு இருக்கா?" என்று கேட்டேன்.

கடைக்காரர் தம்பியைப் பார்த்துப் பதில் சொன்னார். "அக்காவுக்கு அதெல்லாம் வேணாம்லா அண்ணே. படம் பாக்க இந்த ஸ்லிம் மாடல் போதும்."

"நான் காடி ஓட்ட வந்தவன்லா. அக்காகிட்ட பேசுங்க," என்றான் தம்பி.

மறுபடியும் கேட்டேன். மறுபடியும் தம்பிக்கே விளக்கினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வெளியே நடந்தேன்.

பின்னால் அவர் குரல் கேட்டது.

"அக்கா ஏன் அண்ணே கோவிச்சுக்கிட்டாங்க?"