டேப்பில் வந்த மழை

ஒரே மாதிரி பனியன் ஆயிரக்கணக்கில் ஓடுகிற ஊரில் இருந்துகொண்டு, பத்தே பிரதிகள் போட்டு நிறுத்திவிடும் புகைப்படங்களைச் சேர்க்கிறேன். அதிலும் மினுக்குத் தூள் ஒட்டியவை என்றால் எனக்கு உயிர். படம் அச்சான பிறகு எடுத்தவரே கையால் பசை தடவித் தூவி, ஓரத்தில் எத்தனையாவது பிரதி என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார். பைத்தியம் என்று சொல்கிறவர்கள் சொல்லிக்கொள்ளட்டும்.

என் வீட்டுக்காரருக்கு மினுக்கு என்றாலே ஆகாது. பனியனில் கிளிட்டர் பிரிண்ட் போடும் கம்பெனியில் செக்கிங் அவர் பொறுப்பு. தூள் உதிர்ந்தால் திட்டு வாங்குவது அவர்தான். "பத்தே பீஸா? இதுக்கு எவன் மிஷின ஓட்டுவான்?" என்பதோடு அவர் பேச்சு முடிந்துவிடும். ஹாலில் ஐந்து படங்கள் மாட்டியிருந்தேன். ஒன்றைக்கூட அவர் நின்று பார்த்ததில்லை. சேர்ந்து பார்க்க ஆளில்லையே என்று எனக்கு உள்ளூர வருத்தம்தான்.

போன மாதம் ஆறாவது வந்தது. தூத்துக்குடிப் பக்கமிருந்து வந்து எங்கள் ஊர் மண்ணரையில் குடியிருக்கும் ஒரு பெண் எடுத்தது. கம்பெனி வேன் நிற்கும் முனை, காலை மழை, குடைக்குள் ஒடுங்கிய ஆட்கள். மழைத்துளிகளில் மட்டும் வெள்ளி மினுக்கு. கல்யாணமான புதிதில் நாங்கள் இருவரும் வேனுக்குக் காத்து நின்ற முனை அது.

படத்தை மேசையில் விரித்துவிட்டுக் காப்பி போடப் போனேன். திரும்பி வந்தால், அவர் அதன்மேல் செல்லோ டேப்பை ஒட்டி, கட்டைவிரலால் அழுத்தி, சரக்கென்று உரிக்கிறார். மினுக்கு நிற்குமா என்று கம்பெனியில் அப்படித்தான் பார்ப்பார்கள். டேப் முழுக்க வெள்ளி. படத்தில் ஒரு விரலகலத்துக்கு மழையைக் காணோம்.

"ஏனுங்க, இதென்ன பனியனுங்களா? பத்துல ஒண்ணுங்க இது!" என்று கத்தினேன். கோபத்தோடு அழுகையும் வந்தது. அவர் டேப்பைக் கையில் பிடித்தபடி திருதிருவென்று விழித்தார்.

எடுத்த பெண்ணுக்குப் போன் போட்டேன். "கொண்டாங்கக்கா, நானே திரும்ப ஒட்டித் தாரேன்" என்றாள். பாதி உயிர் வந்தது. ஆனாலும் அவரை நான் விடுவதாக இல்லை.

"அஞ்சு படம் மாட்டியிருக்குதே, அதுக்கெல்லாம் டேப்பு ஒட்டிப் பாக்கலீங்களே?"

"அது உதுந்தா உதுந்துட்டுப் போவுது" என்றார், டேப்பிலிருந்து கண்ணை எடுக்காமல். "இது உதுரக்கூடாது புள்ள. நாம நின்ன எடமில்ல?"

காப்பி ஆறிப்போயிருந்தது. இன்னொரு முறை சுட வைத்துக் கொடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அவரே வண்டியை எடுத்தார். படத்தைச் சுருட்டி மடியில் பிடித்துக்கொண்டு நான் பின்னால் உட்கார்ந்தேன். அந்தப் பெண் பசை தடவித் தூளைத் தூவி முடிக்கும்வரை அவர் பக்கத்திலேயே நின்று பார்த்தார். தொடவில்லை. பிறகு தயங்கித் தயங்கி அவளிடம் கேட்டார்:

"ஏங்கண்ணு, இதே முனையில வேற படம் ஏதாச்சும் எடுத்திருக்கறீங்களா?"