ஐஸ் வைத்த நான்கு பைகள்

1991-இல் ஸ்ரீபெரும்புதூரில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியின் லேபில் வேலை பார்த்தேன். ரத்தம் வேண்டுமென்றால் மெட்ராஸுக்குத்தான் ஆள் அனுப்ப வேண்டும். என் குணத்தையும் சொல்லிவிடுகிறேன்: யாராவது ஏன், எதற்கு என்று கேட்டால் எனக்குச் சுள்ளென்று வரும். சொன்னதைச் செய்ய வேண்டியதுதானே என்பேன்.

மண்ணூர்க்காரர் ஒருவர், கம்பெனியில் லேத் ஓட்டுகிறவர், மனைவியைப் பிரசவத்துக்குச் சேர்த்திருந்தார். அந்தப் பெண்ணுக்குத் தட்டணுக்கள் மிகவும் குறைந்திருந்தன. ரத்தத்தை உறைய வைப்பவை அவைதான். மறுநாள் காலை சிசேரியன். அதற்குள் நான்கு பை தட்டணு வந்தாக வேண்டும், இல்லாவிட்டால் கத்தி வைக்க முடியாது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். நான் கணவரிடம் சீட்டையும் வெறும் தெர்மோகோல் பெட்டியையும் கொடுத்து, ஐஸ் வைக்காதீர்கள் என்றேன். ஏன் என்று கேட்டார். முதலில் பஸ்ஸைப் பிடியுங்கள் என்று விரட்டினேன்.

மத்தியானம் மூன்று மணிக்கு வேர்த்து விறுவிறுத்து வந்து நின்றார். பைகளை வாங்கியதுமே விரல் சில்லிட்டது.

தட்டணு நன்றாக இருக்கிறதா என்று பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. பையை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து லேசாக அசைத்தால், பட்டுத்துணியைத் திருப்பினாற்போல உள்ளே ஒரு மினுமினுப்பு சுழன்று ஓடும். அணுக்கள் தட்டையாக, நல்ல நிலையில் இருக்கின்றன என்று அர்த்தம். குளிர் பட்டால் அவை உருண்டுவிடும். ஏற்றினாலும் உடம்பில் நெடுநேரம் தங்காது. ஜன்னலோரம் ஒவ்வொன்றாக அசைத்துப் பார்த்தேன். ஒன்றிலும் ஓட்டமில்லை.

படித்துப் படித்துச் சொன்னேனே என்று கத்தினேன். அவர் பதிலுக்குக் கத்தவில்லை.

"ஒரு வாட்டிதான் சொன்னீங்க மேடம். போன மாசம் எங்க அண்ணனுக்கு ரத்தம் வாங்கப் போனப்ப நீங்கதானே ஐஸ் வெச்சிக் குடுத்தீங்க. பூந்தமல்லியாண்ட பொட்டி சூடா இருந்துச்சு. அவசரத்துல மாத்திச் சொல்லிட்டீங்கன்னு நெனச்சி ஐஸ் வாங்கி வெச்சிட்டேன். ஏன் வேணாம்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா வெச்சிருக்க மாட்டேனே."

அவர் சொன்னது சரிதான். வெட்கமாக இருந்தது. டாக்டரம்மாவிடம் தப்பு என்னுடையது என்று ஒப்புக்கொண்டு, கணவரோடு நானே மெட்ராஸுக்குப் பஸ் ஏறினேன். ரத்தத்துக்குக் குளிர் வேண்டும், தட்டணுவுக்குக் கூடாது, அதை வழியில் மெல்ல ஆட்டிக்கொண்டே வர வேண்டும் என்று போகும்போதே எல்லாவற்றையும் விளக்கினேன். நல்லவேளையாக நான்கு பைகள் கிடைத்தன. திரும்பும்போது பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, வழி நெடுக மெல்ல ஆட்டிக்கொண்டே வந்தார்.

லேபுக்கு வந்ததும் முதல் பையை அவர் கையிலேயே கொடுத்தேன். டியூப்லைட்டுக்கு நேரே பிடித்து அசைத்தார். "ஓடுது மேடம்" என்றவருக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான்.

காலையில் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, பெண் குழந்தை. வீட்டுக்குப் புறப்படும் நாளில் அந்தப் பெண், குழந்தையைத் தூக்கிக்கொண்ட கணவரோடு லேபுக்கே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்கோசரம் நீங்களே மெட்ராசுக்குப் போயி வாங்கினு வந்தீங்களாமே. இவரு சொன்னாரு. எந்த மேடம் அப்டி போவாங்க?"

நான் அவரைப் பார்த்தேன். குழந்தையின் துணியைச் சரிசெய்வதுபோலக் குனிந்துகொண்டார். ஐஸைப் பற்றி அவர் வீட்டில் மூச்சே விடவில்லை. நானாவது சொல்லியிருக்கலாம். குழந்தை அழகாக இருக்கிறது என்று மட்டும் சொன்னேன்.