ஓர் ஆணிக்கு மிச்சமிருந்த இடம்

கணினிக்குள் எனக்கு ஒரு மனை இருக்கிறது என்று சொன்னால் கஞ்சிக்கோட்டில் என்னோடு வேலை செய்பவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். எங்கள் குடும்பத்தில் சொந்தப் பெயரில் மனை வாங்கிய முதல் ஆள் நான்தான். மெய்நிகர் உலகம் ஒன்றில், பாலக்காடு, இடுக்கித் தமிழர்கள் சிலர் கூடி எடுத்த தீவில், ஒரு மூலையில் இருக்கிறது அது.

நான் பிறந்தது மாட்டுப்பட்டிக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில். ஒரே நீளக் கட்டடம், எட்டு வீடு, வீட்டுக்கு வீடு ஒரே சுவர். எல்லாம் கம்பெனியுடையது. ஒருமுறை அப்பா காலண்டர் மாட்ட ஓர் ஆணி அடித்தார். மறுநாளே தோட்டத்து அதிகாரி ஒருவர் வந்து பிடுங்கச் சொன்னார். அப்பா பிடுங்கிவிட்டு, துளையைச் சோப்பு வைத்து அடைத்தார். அதன்பிறகு எங்கள் காலண்டர் கதவுக் கொக்கியில்தான் தொங்கியது. கதவைத் திறக்கும்போதெல்லாம் தேதி ஆடும்.

இந்த வருடம் அப்பாவுக்கு ஓய்வு. லயத்து வீட்டைக் காலி செய்துவிட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை என் வாடகை வீட்டுக்கு வருவதாக இருந்தார். இங்கேயும் சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. வீட்டுக்காரர் முதல் நாளே கறாராகச் சொல்லிவிட்டார். அப்பா வந்து இறங்கும்போது நம்முடையது என்று ஒரு வீட்டைக் காட்டியே ஆக வேண்டும் என்று எனக்கு வெறி பிடித்தது.

எங்கள் லயத்து வீட்டையே கட்டினேன். தீவின் விதிப்படி ஒரு மனைக்கு நூற்றிருபது பொருள்தான்; சுவர்த் துண்டும் அதில் ஒரு பொருள். அடுப்பு ஒன்று, அதன் மேல் குண்டா ஒன்று, துணிக்கொடி ஒன்று. எண்ணி எண்ணி வைத்தும் நூற்றிருபது நிறைந்துவிட்டது.

வியாழக்கிழமை தீவு நிர்வாகத்திடமிருந்து நோட்டீஸ் வந்தது. வீட்டுச் சுவர் எல்லையிலிருந்து இரண்டு மீட்டர் தள்ளி இருக்க வேண்டுமாம். ஞாயிறு மாலைக்குள் சரிசெய்யாவிட்டால் வீடு மொத்தமும் கழற்றப்படும். நான் பக்கத்து மனையை ஒட்டியே சுவர் எழுப்பியிருந்தேன். அது தவறென்றே எனக்குத் தோன்றவில்லை. வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே இடம் விடுவார்கள் என்று லயத்தில் பிறந்தவளுக்கு எப்படித் தெரியும்? இப்போது சுவரைத் தள்ளி வைத்தால் அடுப்படியே போய்விடும்.

புகார் கொடுத்தவர் பக்கத்து மனைக்காரர், பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருக்கும் விவசாயி. அழைத்துப் பேசினேன்.

"ஏனுங்க அம்மிணி, வரப்பு மேல கொண்டாந்து செவுத்த வெச்சா எப்படிங்க? ஒரு சாண் வரப்புக்காக மூணு தலைமுறையாப் பேச்சுவார்த்தை இல்லாம இருக்கறவங்க நாங்க."

"அண்ணே, எங்க லயத்துல வரப்பே கெடையாது. செவுரு மட்டுந்தான்."

சிரித்தார், ஆனால் இறங்கி வரவில்லை. "எனக்கே பொருளு நெறஞ்சு, ஒரு தென்னம்புள்ள வெக்க வழியில்லாம நிக்கறனுங்க," என்று தன் குறையைச் சொல்லி முடித்துக்கொண்டார்.

எனக்குக் கோபம் வந்தது. கோபம் வந்தால் நான் படிப்பேன். வெள்ளிக்கிழமை லீவு போட்டு, யாரும் படிக்காமலே சம்மதம் சொல்லும் அந்த விதிகளை ஒரு வரி விடாமல் படித்தேன். நாற்பத்தோராம் பக்கத்தில் கிடைத்தது: பக்கத்து மனைக்காரர்கள் இருவரும் ஒப்புக்கொண்டால் எல்லையிலேயே பொதுச்சுவர் இருக்கலாம், அந்தச் சுவர் இருவர் கணக்கிலும் சேராது. நாற்காலியிலிருந்து எழுந்து கைதட்டினேன். வீட்டில் நான் மட்டும்தான் இருந்தேன்.

சனிக்கிழமை மறுபடி அழைத்தேன்.

"அண்ணே, எல்லையில உங்க காம்பவுண்டுச் செவுரு எட்டுத் துண்டு. அத எடுத்துட்டு என் செவுத்தையே பொதுவா வச்சுக்கிட்டா, அந்த எட்டும் உங்களுக்கு மிச்சம்."

அவர் வாய்விட்டு எண்ணுவது கேட்டது.

"எட்டுத் தென்னைங்களா?"

"எட்டுத் தென்னை."

"செரிங்க அம்மிணி. எங்க அமுத்தோணும்?"

ஞாயிறு காலை நோட்டீஸ் ரத்தானது. ஜெயித்துவிட்டேன், அதை அடக்கமாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. நான் ஒரே துண்டாக எழுப்பியிருந்த அந்தச் சுவர் பொதுவாகிப்போனதால் என் கணக்கில் கழிந்து, நூற்றுப்பத்தொன்பது ஆனது. ஒரு பொருளுக்கு இடம் மிச்சம்.

மதியம் அப்பா பையோடு வந்து இறங்கினார். சாப்பிட்டதும் திரையின் முன்னால் உட்காரவைத்தேன். அடுப்பு, குண்டா, துணிக்கொடி என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"கம்பெனி வீடாம்மா?"

"இல்லப்பா. என் பேர்ல இருக்கு."

சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஆணி அடிக்கலாமா?"

"அடிக்கலாம்ப்பா. ஆனா இன்னும் ஒரு பொருளுக்குத்தான் எடம் இருக்கு. ஆணி அடிச்சா காலண்டர் மாட்ட முடியாது."

"காலண்டர் வேண்டாம். ஆணி போதும்."

மௌஸைப் பிடித்திருந்த அவர் கையின் மேல் என் கையை வைத்து இடத்தை மட்டும் காட்டினேன். அழுத்தியது அவர்தான். ஆணி சுவரில் நின்றது. இனி எதுவும் வைக்க முடியாது என்று திரையில் ஓர் அறிவிப்பு வந்தது. அப்பா அதைச் சட்டை செய்யவில்லை.

"இத யாரும் வந்து பிடுங்கச் சொல்ல மாட்டாங்கள்ல?"

மாட்டார்கள் என்றேன். விதிகளில் எத்தனையாவது பக்கத்தில் அப்படி எழுதியிருக்கிறது என்பதையும் சேர்த்தே சொன்னேன்.