மிதிக்கச் சொன்னவர்

சபையில் அவருக்கு ‘வாய்’ என்று பட்டப்பெயர். கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார். வெளிநாட்டுப் பிரசங்கியார் யார் வந்தாலும் மேடையில் பக்கத்தில் நின்று மொழிபெயர்ப்பவர் அவர்தான். பேசுகிறவர் கையை உயர்த்தினால் இவர் கையும் உயரும். அவர் தொண்டை அடைத்தால் இவருக்கும் அடைக்கும். அசலைவிட நகல் நன்றாக இருக்கிறது என்று போதகரே கிண்டல் செய்வார். அது அவருக்குப் பிடித்திருந்தது. மேடையில் பொலபொலவென்று அழுகிற மனுஷன், வீட்டில் வெங்காயம் நறுக்கச் சொன்னால் மட்டும் காணாமல் போய்விடுகிறார் என்பது அவர் மனைவியின் குறை.

அந்த வருஷம் சுகமளிக்கும் கூட்டம் நடத்த ஒரு பிரசங்கியார் வந்தார். தானும் சிறுவயதிலிருந்து தடித்த கண்ணாடி போட்டவன்தான் என்றும், விசுவாசித்த அன்றே அதை எறிந்துவிட்டதாகவும், அதன்பிறகு கண்ணுக்கு எந்தத் துணையும் தேவைப்படவில்லை என்றும் சாட்சி சொன்னார். இவர் அதை அப்படியே தமிழில் சொல்லிக்கொண்டு வந்தார். அப்போது பிரசங்கியார் விளக்கைப் பார்த்து முகத்தைத் தூக்கினார். கருவிழியைச் சுற்றி மெல்லிய ஒரு விளிம்பு பளிச்சிட்டு, இமை மூடித் திறந்ததும் லேசாக நகர்ந்தது. கான்டாக்ட் லென்ஸ். தினம் அதை விற்கிறவருக்குச் சந்தேகமே வரவில்லை.

ஒரு நொடி நாக்கு ஒட்டிக்கொண்டது. அரங்கம் காத்திருந்தது. அடுத்த வாக்கியத்தைச் சொல்லிவிட்டார்.

விசுவாசம் உள்ளவர்கள் கண்ணாடியைக் கழற்றலாம் என்றார் பிரசங்கியார். அவ்வளவுதான் அவர் சொன்னது. கூட்டத்தின் சத்தமா, தன் குரலே தனக்குப் பிடித்துப்போனதா தெரியவில்லை, இவர் வாயிலிருந்து வந்தது வேறு.

“கழட்டுங்க! கீழ போட்டு மிதிங்க!”

முதல் வரிசையில் அவருடைய அக்கா இருந்தாள். ரவிக்கை தைத்துப் பிழைப்பவள். மேடையிலிருந்த பிரசங்கியாரை அவள் பார்க்கவில்லை, தம்பியைத்தான் பார்த்தாள். பிறகு குனிந்து கண்ணாடியைத் தரையில் வைத்து மிதித்தாள். அது இவரே சோதித்து, இவரே மாட்டிவிட்ட கண்ணாடி.

அடுத்த வாரம் கடையில் ஒரே கூட்டம். சபையார்தான். வண்டியில் போகும்போது கண்ணாடி விழுந்துவிட்டது என்றார் ஒருவர். பேத்தி மேலே உட்கார்ந்துவிட்டாள் என்றார் இன்னொருவர். யாரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. இவரும் எதுவும் கேட்காமல், குனிந்த தலை நிமிராமல் பவரைப் பார்த்து லென்ஸ் வெட்டிக் கொடுத்தார். கல்லா நிறைந்தது.

அக்கா மட்டும் வரவில்லை. தையல் மெஷின் ஊசி அவள் விரலில் நகத்தோடு இறங்கிவிட்டது என்று மனைவிதான் வந்து சொன்னாள். ஓடினார். அக்கா கட்டுப்போட்ட விரலை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“எனக்குத்தான் விசுவாசம் பத்தலடா தம்பி. மத்தவங்களுக்கெல்லாம் சரியாயிருச்சாம்ல?”

மற்றவர்கள் எல்லோரும் தன் கடையில் வரிசையில் நின்றார்கள் என்று சொன்னார். லென்ஸைப் பார்த்ததையும் சொன்னார். அவள் விரலை முந்தானையிலிருந்து வெளியே எடுத்தாள்.

“மேடையில நிக்கும்போதே தெரியுமா?”

“தெரியும்க்கா. மிதிக்கச் சொன்னது அவர்கூட இல்ல. நான்தான்.”

அவள் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள்.

வீட்டுக்கு வந்து வேதத்தை எடுத்து வைத்துக்கொண்டார். இத்தனை வருஷம் மற்றவர் சொன்னதைத் திருப்பிச் சொன்னாரே தவிர, அது சரிதானா என்று ஒருநாளும் பார்த்ததில்லை. எத்தனையோ பேரைச் சுகமாக்கிய அப்போஸ்தலன் பவுல், தன்னோடு ஊழியம் செய்தவனை நோயாளியாகவே ஓர் ஊரில் விட்டுவந்திருக்கிறான். அவனுக்கு விசுவாசம் இல்லை என்று ஒரு வார்த்தை கிடையாது. பலமுறை படித்த இடம்தான்.

போதகரிடம் போய், நடந்ததைச் சபையில் சொல்லவேண்டும் என்றார். தேவனால் அபிஷேகம் பெற்ற பிரசங்கியாரைக் குறை சொல்லலாமா, சபை உடைந்துவிடாதா என்று போதகர் தயங்கினார். பிறகு, தனக்கும் அந்தச் சாட்சி நெருடத்தான் செய்தது என்று மெல்ல ஒப்புக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் இவர் எழுந்து நின்றார். சுகம் தருவது ஆண்டவர் கையில் இருக்கிறது, ஆனால் சுகமாகாதவர் தலையில் பழியைப் போடுவது நற்செய்தி அல்ல என்றார். பொய் என்று தெரிந்தே தான் மொழிபெயர்த்ததையும், சொல்லாததைச் சேர்த்ததையும் சொன்னார். யாரும் அழவில்லை, ஆமென் சொல்லவுமில்லை. பாதிப் பேர் தரையைப் பார்த்தார்கள். இரண்டு குடும்பங்கள் பாதியில் எழுந்து போயின. கடைக்கு ஆள் பிடிக்கப் புது வழி கண்டுபிடித்திருக்கிறான் என்று வாசலில் ஒருவர் சொன்னது காதில் விழுந்தது.

அதன்பிறகு அவரை யாரும் மொழிபெயர்க்கக் கூப்பிடவில்லை. கூப்பிட்டாலும் போயிருக்க மாட்டார்.

கொஞ்ச நாள் கழித்து அக்கா புதுக்கண்ணாடியோடு சபைக்கு வந்தாள். எப்போதும்போல நலம் விசாரித்தாள், விரல் ஆறிவிட்டது என்று காட்டினாள். கண்ணாடி வேறு கடையில் வாங்கியது. லென்ஸின் மையம் கண்ணுக்கு நேராக இல்லாமல் சற்றே விலகியிருப்பது பார்த்ததுமே தெரிந்தது. தலை வலிக்கும். கழற்றிக் கொடு, சரிசெய்து தருகிறேன் என்று சொல்ல வாயெடுத்தார். ‘கழற்று’ என்ற சொல் வரவில்லை.