வாயில் கூட்டத்தில் மச்சானின் பெயர்

தமீமுக்குத் தொண்டை பெரிது. கடப்பாக்கத்துப் பக்கம் தபால்காரராக இருப்பவருக்கு அது ஒரு வசதிதான். தெருமுனையில் வண்டி திரும்பும்போதே குரல் அடுப்படிக்குப் போய்விடும். தபால் ஊழியர் சங்கச் செயலாளர் பதவி கிடைத்ததே தொண்டைக்காகத்தான் என்று கேலி செய்வார்கள். அவரும் மறுத்ததில்லை.

போராட்டம் என்றால் அஞ்சலக வாசலில் கூடிக் கோஷம் போடும் வாயில் கூட்டத்துக்கு அங்கே ஒரு வழக்கம் உண்டு. செயலாளர் எதிராளியின் பெயரைச் சொல்வார். மற்றவர்கள் "திரும்பிப் போ" என்று முடிப்பார்கள். பெயர் சொல்லாமல் பொத்தாம்பொதுவாகக் கத்துவது பேடித்தனம் என்பது தமீமே போட்ட சட்டம்.

பார்சல் பட்டுவாடாவைத் தனியாருக்கு விடப்போகிறார்கள் என்று செய்தி வந்தது. தமீமின் வேலைக்கு ஆபத்தில்லை, அது நிரந்தரம். போவது, பார்சல் கொண்டுபோய்க் கொடுக்கும் தற்காலிக ஊழியை வேண்டாவின் வேலை. புருஷன் இல்லாமல் இரண்டு பெண்களை வளர்க்கிறவள், பையைச் சுமந்துகொண்டு மீனவர் குப்பமெல்லாம் நடக்கிறவள். இன்றைக்குப் பார்சல் போனால் நாளைக்குத் தபாலே போய்விடும் என்று தமீம் அலைந்து திரிந்து ஆள் திரட்டினார். வேலைநிறுத்தத்துக்கு நாளும் குறித்தாயிற்று. முந்தின நாள்தான் ஒப்பந்தம் எடுத்தவன் யாரென்று தெரிந்தது. ஜைத். தமீமின் மனைவி சுராயாவுடைய தம்பி.

"வேல இல்லாம சுத்திகினு இருந்தான். இப்பத்தான் ஒண்ணு அமஞ்சிகீது," என்றாள் சுராயா. "நீங்க அதுல வாய வெக்காதீங்க."

தமீம் பாதிச் சோற்றில் கை கழுவிக்கொண்டார்.

மறுநாள் காலை எல்லோரும் அஞ்சலக வாசலில் உட்கார்ந்திருக்க, ஜைத் லோடு ஆட்டோவை ஓட்டிக்கொண்டு வந்தான்.

"மச்சான், கொஞ்சம் வழி வுடு. பார்சல எடுத்துக்கினு போயிடறேன்."

கூட்டம் தமீமின் வாயையே பார்த்தது. அவரோ ஜைத்தைப் பார்த்தார். இந்தப் பையன் அவர் கல்யாணத்தில் மாலையைத் தூக்கிக்கொண்டு ஓடியவன்.

பக்கத்திலிருந்த வேண்டா மெல்லச் சொன்னாள்: "அண்ணாத்த, பேர வுட்டுட்டு சொல்லு. யாரும் ஒண்ணும் நெனச்சிக்க மாட்டாங்க."

அதுதான் அவரைச் சுட்டது. வேலை பறிபோகிறவள் இவருக்கு இரக்கம் காட்டுகிறாள். இதைவிட ஒரு வெட்கக்கேடு உண்டா?

"ஜைத்," என்றார் உரக்க.

"திரும்பிப் போ," என்றது கூட்டம்.

பையனின் முகம் சுண்டிப்போயிற்று. வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான்.

சில நாளில், ஒப்பந்தத்தை நிறுத்தி வைத்திருப்பதாக மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. வேண்டா பையைத் தோளில் போட்டுக்கொண்டு குப்பத்துக்குக் கிளம்பினாள். அவளைப் பார்த்ததும் தமீமுக்குக் கண் கலங்கியது, அவ்வளவு சந்தோஷம். சுராயா மட்டும் இன்னும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அன்று சாயங்காலம் அவர் ஜைத் வீட்டுக்குப் போனார். சண்டைக்குத் தயாராகத்தான் போனார். அவனோ உட்காரச் சொல்லி டீ கொடுத்தான்.

"நீ பண்ணது சரிதான் மச்சான். அந்தக்கா வயித்துல நான் அடிக்கக் கூடாது," என்றான். பிறகு, "அவங்களுக்கு நீ கீற. எனக்கு யாரு கீறாங்க? என்னிய எந்த சங்கத்துல சேத்துப்ப?" என்று கேட்டான்.

குத்திக் காட்டுகிறானோ என்று தமீம் அவன் முகத்தைப் பார்த்தார். அப்படியில்லை, நிஜமாகவே கேட்கிறான்.

"தெரியலடா," என்றார்.

டீ ஆறிக்கொண்டிருந்தது. எழுந்து போகவும் அவருக்கு மனசு வரவில்லை.